தலை-கழுத்துப் புற்றுநோய் ஆபரேஷன்: வார்டில் என்னிடம் கேட்டவை

இருபத்து மூன்று வருடம் நர்ஸாக இருந்தேன். கடைசிப் பதினான்கு வருடம் தலை-கழுத்துப் புற்றுநோய் வார்டில். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது குடும்பமே தலையாட்டிக்கொண்டு நிற்கும். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் என் மேஜையைச் சூழ்ந்துகொள்ளும். "டாக்டர் என்ன சிஸ்டர் சொல்லிட்டுப் போறாரு?" ஆட்கள் மாறினார்கள், கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், கூடவே காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட் அண்ட் நெக் டாக்டர்னா மூளை டாக்டரா?

இல்லை. மூளைக்கும் கண்ணுக்கும் வேறு டாக்டர்கள் உண்டு. உதடு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, தாடை, அண்ணம், தொண்டை, குரல்வளை, மூக்கை ஒட்டிய சைனஸ், எச்சில் சுரப்பி, தைராய்டு, கழுத்து நெறிகட்டி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்பவர் இவர். எங்கள் வார்டில் பத்துக் கட்டில் இருந்தால் ஏழில் வாய்ப் புற்றுநோய்க்காரர்தான் படுத்திருப்பார்.

சிலர் பொது அறுவை சிகிச்சை படித்துவிட்டு இதற்கு வருவார்கள், சிலர் காது-மூக்கு-தொண்டை படித்துவிட்டு. அதற்கு மேல் எம்.சி.ஹெச். என்று மூன்று வருடம். பல் மருத்துவத்தில் முகத்தாடை அறுவை சிகிச்சை முடித்து, பிறகு புற்றுநோய்க்கெனத் தனிப் பயிற்சி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியாக வந்தார் என்பதைவிட, வாரத்துக்கு எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்கிறார் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வாய்ப்புண்ணுதானே சிஸ்டர், பி காம்ப்ளெக்ஸ் போட்டா போகாதா?

சாதாரண வாய்ப்புண் பத்துப் பதினைந்து நாளில் தானாக ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை டாக்டர் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுவது கணக்கில் வராது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், காதில் ஒன்றுமில்லாமலே வரும் காதுவலி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி, வாய் திறக்கும் அளவு குறைவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

"வலிக்கவே இல்லையே" என்பதுதான் ஆளை ஏமாற்றுவது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வந்த பிறகு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனும் பெரியதாகிவிடுகிறது.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணா பரவிடும்னு சொல்றாங்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பயாப்சியில் எடுப்பது ஓர் அரிசியளவுச் சதை. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து எடுப்பார்கள். அதனால் வாய்ப் புற்றுநோய் பரவாது. அந்த ரிசல்ட் கையில் இல்லாமல் ஆபரேஷனும் செய்ய முடியாது, கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சையை வார்டில் இப்படித்தான் சொல்வோம்) வைக்க முடியாது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முற்றிய நிலையில் ஒருவர் வருகிறார், டெஸ்ட் எடுக்கிறார்கள், மூன்று மாதத்தில் போய்விடுகிறார். ஊரார் கண்ணில் பட்டது அந்தக் கத்தி மட்டும்தான். லாரி ஓட்டும் ஒருவர் தை மாதம் கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசளவு புண்ணோடு வந்தார். பயாப்சி என்றதும் மைத்துனர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆடி மாதம் திரும்பி வந்தபோது கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது, குடித்த தண்ணீர் வெளியே வந்தது. பரவியது உண்மைதான். ஆனால் கத்தி பட்டதால் அல்ல.

நான் பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லீங்க. வெறும் பாக்குதான். அது எப்படி?

பாக்கே போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004இல் அறிவித்தது. புகையிலை இருக்கிற அதே முதல் பட்டியலில்தான் பாக்கும் இருக்கிறது. பாக்கு போடுபவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் மெல்ல மெல்லத் தோல்வார் போல இறுகும். காரம் பட்டால் எரியும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் உடனே காட்டுங்கள். அந்த இறுக்கம் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தடை வந்தது. பாக்குக்குத் தடை இல்லை, வரவும் வராது. கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கிற பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? குடியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். எந்தப் பழக்கமும் இல்லாமல் நாக்கில் புற்றுநோய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதில் சின்ன வயதுப் பெண்களும் உண்டு. அதனால் "உனக்கு எப்படி வந்தது" என்று நோயாளியைத் துருவித் துருவிக் கேட்பதை வீட்டார் நிறுத்திக்கொண்டால் நல்லது.

கட்டி நாக்குல. கழுத்தை எதுக்கு வெட்டணும்?

வாயில் வரும் புற்றுநோய் முதலில் போய்த் தங்கும் இடம் கழுத்திலுள்ள நெறிகட்டிகள். கைக்கும் தட்டாமல் ஸ்கேனிலும் தெரியாமல் அங்கே சில செல்கள் உட்கார்ந்திருக்கலாம். முன்பெல்லாம் இதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இப்போதே எடுத்துவிடலாம் என்பது ஒன்று, வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. வழக்கைத் தீர்த்து வைத்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் 500 பேரை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆபரேஷனிலேயே கழுத்தையும் சுத்தம் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 80. காத்திருந்து செய்தவர்களில் 67.5. உலகம் முழுக்க இன்று இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வுக்கு உடன்பட்டவர்கள் நம் நாட்டு நோயாளிகள்தான் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

அமெரிக்காவில் கிரைல் என்ற டாக்டர் 1906இல் இந்தக் கழுத்து ஆபரேஷனை விரிவாக எழுதி வைத்தார். அவர் முறையில் கழுத்தின் பெரிய தசை, பெரிய ரத்தக்குழாய், தோளைத் தூக்கும் நரம்பு மூன்றும் நெறிகட்டிகளோடு சேர்ந்து போய்விடும். இன்று நோய் ஒட்டியிருந்தால் ஒழிய மூன்றையும் காப்பாற்றிவிடுகிறார்கள். கழுத்து ஆபரேஷனில் பாதி நேரம் வெட்டுவதில் போவதில்லை, நூல் மாதிரி இருக்கிற நரம்புகளைத் தேடிப் பிரித்து ஒதுக்கி வைப்பதில்தான் போகிறது. என்ன கவனமாகச் செய்தாலும் சில மாதம் தோள் கனக்கும், கீழுதடு ஒரு பக்கம் லேசாக இழுக்கும், காதுமடல் மரத்திருக்கும். சட்டைக்குள் கையை நுழைக்கும்போதுதான் தோள் வலி தெரியும். பயிற்சியை விடாமல் செய்தால் பெரும்பாலும் சரியாகும். காதுமடல் மரப்பு மட்டும் பலருக்கு நிற்கும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: தோடு போடும்போது கண்ணாடி பார்த்துப் போடுங்கள், குத்தினாலும் தெரியாது.

இத்தனூண்டு புண்ணு. அதுக்கு பாதிக் கன்னத்தை எடுக்கணுமா?

கண்ணுக்குத் தெரிவது நடுப்பகுதி. அதைச் சுற்றி வேர் விட்டிருக்கலாம். அதனால் புண்ணைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். மேலே மட்டுமல்ல, ஆழத்திலும் அப்படித்தான். இதை மார்ஜின் என்பார்கள். வெட்டிய சதை சுருங்கும், ஆகவே லேபில் அளக்கும்போது ஐந்து மில்லிமீட்டராவது நல்ல சதை இருந்தால் நிம்மதி. சந்தேகமாக இருந்தால் ஓரச் சதையைத் தியேட்டரிலிருந்தே லேபுக்கு அனுப்பி, உறையவைத்துச் சோதித்து, அரை மணி நேரத்தில் ரிசல்ட் வாங்குவார்கள். அதுவரை டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

தாடை எலும்பிலும் இதே கணக்கு. புண் எலும்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் மேல்விளிம்பைச் சீவி எடுத்து, தாடையைத் தொடர்ச்சியாக விடலாம். உள்ளே புகுந்திருந்தால் அந்தத் துண்டு போக வேண்டியதுதான். இது டாக்டரின் கெடுபிடி அல்ல, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் அவரும் போகிறார். குறைவாக வெட்டுகிற டாக்டரே நல்லவர் என்று எண்ணி இடம் மாறியவர்கள், ஆறே மாதத்தில் அதே இடத்தில் கட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கால் எலும்பை எடுத்துத் தாடையில வைப்பாங்களாம். அப்புறம் எப்படி நடப்பாரு?

நடப்பார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடம்பின் கனத்தைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. எடுப்பது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை. முழங்காலும் கணுக்காலும் ஆடாமல் இருக்க மேலும் கீழும் சில சென்டிமீட்டரை விட்டுவிடுவார்கள். அந்த எலும்பைத் தாடை வளைவுக்கு ஏற்றபடி துண்டாக்கி, பிளேட் வைத்து முடுக்குவார்கள். தாடைக்கு இந்த எலும்பைப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க டாக்டர் ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். நாக்குக்கோ கன்னத்துக்கோ என்றால் பெரும்பாலும் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் சதையும் வரும். இன்னொரு வழி, நெஞ்சுச் சதையை ரத்தக்குழாயோடு அப்படியே மேலே திருப்பி வைப்பது. ஆபரேஷன் நேரம் குறையும், வயதானவர்களுக்கு ஏற்றது. ஆண்களுக்கு ஒரு சங்கடம், நெஞ்சு முடி வாய்க்குள் வளரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ஒரு தாத்தா பயந்துபோய் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டார். கரண்ட் வைத்த பிறகு பெரும்பாலும் அந்த முடி உதிர்ந்துவிடும்.

கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த சதைக்கு உயிர் கொடுப்பது கழுத்து ரத்தக்குழாயுடன் போடும் ஒட்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை, தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். எட்டுப் பத்து மணி நேரம் ஆவது இதனால்தான். வெளியே காத்திருப்பவர்கள் நேரம் நீள நீள ஏதோ ஆகிவிட்டது என்று அழ ஆரம்பிப்பார்கள். நேரம் நீள்வது கெட்ட சேதி அல்ல.

அடுத்த இரண்டு நாள் எங்கள் கையில். மணிக்கொரு முறை டார்ச் அடித்துச் சதையின் நிறத்தைப் பார்ப்போம், விரல் வைத்துச் சூடு பார்ப்போம், தேவையானால் டாக்டர் ஊசியால் லேசாகக் குத்துவார். சிவப்பு ரத்தம் மெதுவாகக் கசிந்தால் நல்லது. கறுத்த ரத்தம் குபுக்கென்று வந்தால் திரும்பிப் போகும் குழாய் அடைத்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் வரும் குழாயே அடைத்திருக்கிறது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் அம்மாவின் நாக்குச் சதை நாவல்பழ நிறத்துக்கு மாறியது. போன் போட்டேன். டாக்டர் வீட்டுச் செருப்போடு வந்தார். மூன்று மணிக்கெல்லாம் திரும்பவும் தியேட்டர், குழாயில் சின்னக் கட்டி ரத்தம். விடிந்தபோது சதை வெளுத்த ரோஜா நிறத்தில் இருந்தது. காலைவரை பொறுத்திருந்தால் பத்து மணி நேர வேலை வீணாகப் போயிருக்கும்.

தொண்டையில ஓட்டை போட்டுட்டா பேச்சே வராதா?

இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாயில் பெரிய ஆபரேஷன் செய்தால் வீக்கம் மூச்சை அடைக்காமலிருக்கத் தொண்டைக்குக் கீழே குழாய் வைப்பார்கள். இது தற்காலிகம். குழாய் இருக்கும்வரை பெரும்பாலும் பேச்சு வராது, ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக் கொடுங்கள். வீக்கம் வடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். ஓட்டை தானாக மூடிக்கொள்ளும்.

குரல்வளையையே எடுத்துவிட்டால் அந்த ஓட்டை நிரந்தரம். இனி மூச்சு அதன் வழியாகத்தான். இந்த ஆபரேஷனைப் புற்றுநோய்க்கு முதலில் செய்தவர் வியன்னாவில் பில்ரோத், 1873இல். இப்போது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தி, ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு பேசப் பழக்குகிறார்கள். குரல் கட்டையாக இருக்கும், ஆனால் போனில் பேசலாம். குளிக்கும்போது ஓட்டைக்குள் தண்ணீர் போகக் கூடாது. கிணறு, குளம், ஆறு மூன்றையும் மறந்துவிட வேண்டியதுதான்.

எப்போ சாப்பிடலாம்? பாவம், பட்டினியா கிடக்காரு.

பட்டினி இல்லை, மூக்கு வழி டியூப்பில் போகிறது. வாய்த் தையல் ஆற ஒரு வாரம் பத்து நாளாவது வேண்டும். டியூப்பில் வெறும் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தப்பு. சோறு, பருப்பு, காய், வெந்த முட்டை, ஒரு ஸ்பூன் எண்ணெய் எல்லாவற்றையும் மிக்ஸியில் மையாக அரைத்து, வடிகட்டி, இரண்டு மணிக்கொரு முறை கொடுங்கள். தலையணை வைத்து உட்கார்த்தியே ஊற்ற வேண்டும், ஊற்றி அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முடிந்ததும் வெந்நீர் விட்டு டியூப்பைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பருப்பு அடைத்துக்கொள்ளும். எடையை வாரத்துக்கொரு முறை எழுதி வையுங்கள்.

கழுத்துக் கசிவை வடிக்க வைத்த டிரெயின் பாட்டிலில் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் உடனே சொல்லுங்கள். கொழுப்பைச் சுமக்கும் குழாய் ஒன்று கசிகிறது என்று அர்த்தம். உணவை மாற்றினாலே பலருக்கு நின்றுவிடும்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாயைத் திறக்கும் பயிற்சி. எங்கள் வார்டில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்வோம். இன்று பத்துக் குச்சி என்றால் அடுத்த வாரம் பதினொன்று. வலிக்கிறது என்று விட்டுவிட்டால் கன்னம் இறுகிப் பிறகு இட்லியைக்கூட உதிர்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டிவரும்.

எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க, அப்புறம் கரண்ட் எதுக்கு?

எல்லாருக்கும் இல்லை. எடுத்த சதை முழுவதையும் லேபில் பார்த்து, பத்துப் பதினைந்து நாளில் கடைசி ரிப்போர்ட் வரும். கட்டி பெரியது, ஆழம் அதிகம், நெறிகட்டியில் நோய் இருந்தது என்றால் கரண்ட். மேலே சொன்ன மார்ஜினில் செல்கள் தெரிந்தாலோ, நெறிகட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருந்தாலோ கரண்டோடு கீமோவும். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறக்குறைய ஆறு வாரம். ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் துடிப்பதற்குக் காரணம் இருக்கிறது, தாமதமானால் பலன் குறைகிறது.

அதற்கு முன் சொத்தைப் பற்களை எடுத்துவிடுவார்கள். கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகலாம். நான்கு வருடம் கழித்துப் பல்வலி வந்தாலும் பல் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "எனக்குக் கரண்ட் வெச்சிருக்கு" என்று சொல்லுங்கள்.

கத்தியே வேண்டாம், கீமோ மட்டும் கொடுத்துச் சரி பண்ண முடியாதா?

குரல்வளை, தொண்டை என்றால் நியாயமான கேள்வி. அங்கே பல நேரம் கரண்டும் கீமோவும் சேர்ந்தே குரலைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்ய முடிகிறது என்றால் அதுதான் முதல் வழி. கீமோவில் கட்டி சுருங்கியதும் "குணமாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. சுருங்குவது வேறு, போவது வேறு.

ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. பெரிய டாக்டரைப் பிடிச்சா பண்ணுவாங்களா?

இன்னொரு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், தப்பே இல்லை. ஸ்கேன் சிடி, பயாப்சி ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை நோய் முழுக்கச் சுற்றியிருந்தாலோ, மண்டையின் அடிப்பகுதிக்கு ஏறியிருந்தாலோ எந்த ஊர் டாக்டரும் பெரும்பாலும் இதையேதான் சொல்வார். மூன்றாவது, நான்காவது ஆஸ்பத்திரி என்று அலையும் பணத்தையும் நாளையும் வலியைக் குறைக்கும் சிகிச்சையில் செலவிடுங்கள். மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து கொடுக்காமல் விடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்பா ராத்திரி தூங்குவார்.

அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டாரு.

வாசலில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்வார். பத்து நிமிடம் கழித்து உள்ளே அப்பா என்னிடம், "எனக்கு என்னன்னு தெரியும்மா. பையன்கிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டான்" என்பார். ஒரு முறை இரண்டு முறை அல்ல. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளி. தன் முகம் மாறப்போகிறது என்று தெரியாமல் தியேட்டருக்குள் போய், கண்ணாடியில் தெரிந்துகொள்வதுதான் உண்மையில் தாங்க முடியாதது.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனையில் இலவசம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் செல்லும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸிலுள்ள மையத்துக்குப் போங்கள். பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே இதை முடித்து வையுங்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணுமில்ல. இன்னும் எதுக்கு செக்கப்?

திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். அதைத் தாண்டியது நல்ல சேதிதான். ஆனால் அதே வாயில் வேறோர் இடத்தில் புதிதாகவும் வரலாம், பழக்கம் தொட்ட இடம் முழு வாயும் அல்லவா. ஐந்து வருடம்வரை வாருங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு மெல்ல மந்தமாகும், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ரத்த டெஸ்ட் வேண்டும். "எப்பப் பாரு அசதி, வயசாயிடுச்சு" என்று சொன்ன எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது ஒரு தைராய்டு மாத்திரைதான்.

பாக்கு வேண்டாம், புகையிலை வேண்டாம். வெறும் வெத்தலை மட்டும் போட்டுக்கட்டுமா சிஸ்டர்?

குணமாகி வந்த பாட்டிகள் எல்லாரும் கேட்பது, பெரும்பாலும் மருமகள் நகர்ந்த பிறகு. பாக்கைப் பற்றி மேலே சொன்ன அந்தப் பட்டியலில் தனி வெற்றிலை இல்லை, அது உண்மை. ஆனால் வெற்றிலையை எடுத்த கை சுண்ணாம்பைத் தேடும், சுண்ணாம்பு வந்ததும் பாக்கு தானாக வரும். கரண்ட் பட்ட வாயில் எச்சில் குறைவு, சுண்ணாம்பு பட்டால் வெந்துபோகும். அதனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு பாட்டி மட்டும் விடவில்லை. "சரி, மடியில வெச்சுக்கறேன், போட மாட்டேன்" என்றார். ஒவ்வொரு செக்கப்புக்கும் வரும்போது இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்து, வாடிய வெற்றிலையை எண்ணிக் காட்டிவிட்டுப் போவார்.